யோகத் தாரணையும் ஆபிரிக்க நோய்தீர் சடங்கும்

கண்டி நகரிலே தலதா மாளிகைக்குப் பின்னே உயர்ந்து செல்லும் உடவத்தைக்கலை வனத்தில், ஞானபொனிக தேரர் என்னும் செர்மானியத் துறவி 1994ஆம் ஆண்டு மறையும்வரை நெடுங்காலம் வாழ்ந்தார். பௌத்த தியானம் பற்றி 1954இல் அவர் வெளியிட்ட நூல் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. மனம் தன்முன் தோன்றுவதைக் கூட்டாமலும் குறையாமலும் பார்த்திருக்கும் நிலையைக் 'கலப்பற்ற கவனம்' எனப் பொருள்படும் ஓர் ஆங்கிலத் தொடரால் உலகறியச் செய்தவர் அவரே. அவ்வனத்திலிருந்து சில கல் தொலைவிலே, நித்தவெலை, அமுனுகமை முதலிய ஊர்களிலே, 'கொகொம்ப கங்காரிய' என்னும் இரவுச் சடங்கைத் தலைமுறை தலைமுறையாக ஆடிவந்த குடும்பங்கள் வாழ்ந்தன. ஓரிடத்தில் வனத்தின் அமைதி. மற்றோரிடத்திற் கண்டி முழவின் அதிர்வு. இரண்டும் ஒரே மலைநாட்டின் செல்வங்கள்.

இவ்விரண்டையும் ஒருங்கே நோக்குவார்க்கு ஒரு வினா எழுதல் இயல்பு. வனத்திலே தனித்திருப்பவன் பயிலும் மன ஒருமைப்பாடும், பந்த ஒளியும் முழவொலியும் நிறைந்த பந்தரிலே ஊரவர் கூடி நிகழ்த்தும் சடங்கில் விளையும் மன ஒருமைப்பாடும் ஒன்றோ, வேறோ? இவ்வினா நம்மூருக்கு மட்டும் உரியதன்று. யோகத்தையும், ஆபிரிக்க மக்களின் நோய்தீர் சடங்குகள் முதலியவற்றையும் அருகருகே வைத்து மேலைநாட்டறிஞர் பலர் எழுதியுள்ளனர். அவருள் ஒருசாரார் இரண்டும் அடிப்படையில் ஒன்றே என்பர். மற்றொருசாரார் இரண்டும் முற்றிலும் முரணானவை என்பர். இரு கூற்றும் குறையுடையன என்பதும், அக்குறை எங்குள்ளது என அறிதல் நம்மிடையே துன்புறுவோர்க்குப் பயன்தரும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

இரு கொள்கைகள்

வேற்றுமையை வற்புறுத்தியோருள் முதலில் நினைக்கத்தக்கவர் மிர்சியா எலியாடே. உருமேனியரான இவர் 1928ஆம் ஆண்டின் இறுதியிற் கல்கத்தாவுக்கு வந்து சுரேந்திரநாத் தாஸ்குப்தாவிடம் இந்திய மெய்யியல் பயின்றவர். சைபீரியா முதலிய நாடுகளின் 'சாமன்' எனப்படும் பூசாரிகளைப் பற்றிய நூலை 1951இலும், யோகத்தைப் பற்றிய பெருநூலை 1954இலும் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். சாமன் தன்னினின்று புறத்தே செல்கிறான். யோகி தன்னுள்ளே ஒடுங்குகிறான். எனவே இருவர் நிலையும் எதிரெதிரானவை என்பது அவர் துணிபு. பின்னர் 1980இல் கில்பேட் ரூசே என்னும் பிரெஞ்சு இசையறிஞர், இசைக்கும் ஆவேசத்துக்கும் உள்ள உறவை ஆராய்ந்த நூலில் இதற்கு ஒத்த ஒரு பாகுபாட்டை வகுத்தார். அசைவின்மை, அமைதி, தனிமை என்பன ஒருபுறம். இயக்கம், ஒலி, கூட்டம் என்பன மறுபுறம்.

ஒற்றுமையை வற்புறுத்தியோருள் றிச்சாட் கற்ஸ் குறிப்பிடத்தக்கவர். உளவியலறிஞராகிய இவர் 1968இல் கலகாரிப் பாலைநிலத்திற் குங் என்னும் வேட்டுவ மக்களிடையே தங்கி, அவர்தம் நோய்தீர் நடனத்தை ஆராய்ந்தார். 1982இல் வெளிவந்த அவரது நூலின் பெயர் 'கொதிக்கும் ஆற்றல்' எனப் பொருள்படும். குங் மக்கள் 'நும்' என அழைக்கும் ஆற்றல் வயிற்றின் அடியிலும் முதுகந்தண்டின் அடியிலும் உறைவது. நடனத்தாற் சூடேறி ஆவியாகி, தண்டின் வழியே மேலேறி மண்டையின் அடியை எட்டும்போது 'கியா' என்னும் நிலை உண்டாகிறது. இச்செய்தியைக் கேட்ட மாத்திரத்தே குண்டலினி நம் நினைவுக்கு வரும். கற்சும் இவ்வொப்புமையைச் சுட்டத் தவறவில்லை. அவர் கவனமாகவே எழுதினார். எனினும் அவருக்குப் பின் எழுதியோர் பலர், ஆபிரிக்கக் கூத்தும் இந்திய யோகமும் ஒரே மலையின் இரு பாதைகள் என்று எளிதிற் கூறிவிட்டனர்.

எதிரெதிரான இக்கூற்றுக்கள் இரண்டும் மனநிலையின் தோற்றத்தையே அளவுகோலாகக் கொண்டவை. உடல் அசைகிறதா, அசையவில்லையா? ஆற்றல் மேலேறுகிறதா, இல்லையா? இவ்வாறு வினாவுவோர், அக்கவனம் யாரால், யார்பொருட்டு, எதன்மேல் நிறுத்தப்படுகிறது என்று வினாவ மறந்தனர். இவ்வினாவை முன்வைத்து முதலில் யோகநூலையும் பின்னர்ச் சடங்குகளையும் நோக்குவாம்.

யோகநூல் கூறுவது

பதஞ்சலியார் யோகத்தின் எட்டுறுப்புக்களுள் ஆறாவதாகத் தாரணையை வைக்கிறார். சித்தத்தை ஓரிடத்திற் கட்டுதல் தாரணை; அவ்விடத்தே எண்ணம் இடையறாது ஒழுகுதல் தியானம்; எண்ணுவோன் என்னும் உணர்வும் கழன்று எண்ணப்படும் பொருள் மட்டுமே விளங்குதல் சமாதி. இம்மூன்றும் ஒரு பொருள்மேற் சேர்ந்து நிகழின் அது சம்யமம் எனப்படும். தாரணைக்குரிய இடங்களாக உந்தி, இதயகமலம், தலையில் விளங்கும் ஒளி, மூக்கு நுனி, நா நுனி என்பவற்றைக் கூறும் வியாசரது உரை, புறப்பொருளும் ஆகலாம் என்று விதந்து ஓதுகிறது. எனவே யோகம் கண்ணை மூடிக்கொண்டு அகத்தை மட்டுமே பார்ப்பது என்னும் கருத்துப் பொருந்தாது. திருமூலரும் மூன்றாந் தந்திரத்திலே அட்டாங்க யோகத்தை வகுத்துத் தாரணைக்குத் தனியிடம் அளித்துள்ளார். குண்டலினி பற்றிய செய்தி திருமந்திரம் போன்ற நூல்களிலே விரிவாக உண்டு. பதஞ்சலியார் நூலில் அஃது இல்லை. 'யோகம்' என்று பொதுப்படக் கூறி ஒப்பிடுவோர் எந்த யோகத்தை எண்ணுகின்றனர் என்பதைச் சொல்லல் வேண்டும்.

வியாசர் சித்தத்தின் நிலைகளை ஐந்தாக வகுப்பர். அலைக்கழிதல், மயங்கியிருத்தல், சிறிது நின்று பெரிதும் சிதறுதல், ஒன்றிலே நிற்றல், முற்றும் அடங்குதல் என்பன அவை. இவற்றுட் பின்னைய இரண்டுமே யோகத்துக்கு உரியன. முன்னைய மூன்றிலும் ஒருகணம் ஒருமைப்பாடு தோன்றினும் அது யோகமாகாது.

இனி, பலரும் விரைந்து கடந்துவிடும் ஓரிடம் முதற் பாதத்திலே உண்டு. சித்தத்தைச் சிதறடிக்கும் தடைகள் ஒன்பதைப் பதஞ்சலியார் எண்ணுகிறார். அவற்றுள் முதலாவது நோய். சோர்வு, ஐயம், அசட்டை, சோம்பல் முதலியன அதன் பின்னரே வருகின்றன. அத்தடைகளோடு உடன் தோன்றுவன நான்கு: துன்பம், மனமுடைதல், உடல் நடுக்கம், ஒழுங்கற்ற மூச்சு. நோயுற்றவன் மனத்தை ஒருமுகப்படுத்தல் அரிது என்பதனை யோகநூலே ஒப்புக்கொள்கிறது என்பது இதனாற் பெறப்படும். இத்தடைகளை நீக்க ஒரே தத்துவத்திலே பயில்க என்று அந்நூல் விதிக்கிறது. ஆயின் அப்பயிற்சியைச் செய்யவேண்டியவனும் அச்சிதறுண்ட மனத்தையுடையவனே.

மேலும், வியாசர் யோகநூலை மருத்துவ நூலோடு உவமிக்கிறார். நோய், நோய்முதல், நோயின்மை, மருந்து என மருத்துவம் நான்கு கூறுடையது. அதுபோலப் பிறவி, பிறவிக்கு ஏது, வீடு, வீட்டுக்கு வழி என இந்நூலும் நான்கு கூறுடையது. அழகிய உவமை. ஆனால் யோகம் தீர்க்க முற்படும் நோய் பிறவிநோய்; இன்றிரவு ஒருவனை உறங்கவிடாத காய்ச்சலும் அச்சமும் அதன் நேர் இலக்கல்ல. அவை வழியிற் கிடக்கும் தடைகளாகவே கருதப்பட்டன.

கலகாரிப் பாலையில்

இப்போது ஆபிரிக்காவுக்குச் செல்வோம். குங் மக்களின் நடனம் இரவிலே தொடங்கும். பெண்கள் தீயைச் சூழ நெருங்கி அமர்ந்து கைகொட்டிப் பாடுவர். ஆண்கள் அவர்களைச் சுற்றி வட்டமாக ஆடுவர். அவர்தம் கால்களிலே உலர்ந்த பூச்சிக்கூடுகளாலான சதங்கைகள் ஒலிக்கும். நேரம் செல்லச் செல்ல ஆடுவோர் சிலர்க்கு 'நும்' கொதித்தெழும். உடல் நடுங்கும், வியர்வை பெருகும். அந்நிலையில் அவர்கள் ஒவ்வொருவரிடமும் சென்று, நடுங்கும் கைகளை உடலிற் பதித்து, நோயைத் தம்முள் இழுத்து, ஓலமிட்டு வெளியே எறிவர். நோயாளிக்கு மட்டுமன்றி, அங்கிருக்கும் குழந்தைகள், முதியோர், விருந்தினர் ஆகிய யாவர்க்கும் இது செய்யப்படும். லோர்னா மார்ஷல் 1969இல் எழுதிய கட்டுரையும் இதனைத் தெளிவாகக் கூறும். இவ்வாற்றலை ஒரு குலமோ ஒரு பூசாரியோ தனக்கென வைத்திருப்பதில்லை. கற்ஸ் கண்ட காலத்தில் வளர்ந்த ஆண்களிற் பாதிக்கு மேற்பட்டோர் நோய்தீர்ப்போராயிருந்தனர்.

இதனைக் கண்டு, தன்னை மறந்த வெறி எனச் சிலர் ஒதுக்கிவிடுவர். அது தவறு. கற்சின் நூலிலே மிகப் பயனுள்ள பகுதி, இளைஞர் இதனை எவ்வாறு கற்கின்றனர் என்பதாகும். 'நும்' கொதித்தல் நோவு மிக்கது; சாவுக்கு ஒப்பான அச்சத்தைத் தருவது. புதியவன் அதனைத் தாங்கமாட்டாது வீழ்வான்; தீயை நோக்கி ஓடுவான். மூத்தோர் அவனைப் பற்றிக்கொண்டு, தம் வியர்வையை அவனுடலிலே தேய்த்து, கொதிப்பு மிகுந்தாற் குளிர்வித்து, குறைந்தால் மீண்டும் ஆடச்செய்வர். கொதிப்பினால் நிலைகுலைந்தவன் எவரையும் குணப்படுத்தான். கொதிப்பிலே நின்று தன் கைகளையும் கண்களையும் ஆளவல்லவனே பிறரைத் தொட்டு நோய் நீக்குவான். ஆகவே அங்கும் வேண்டப்படுவது கவனமே. ஆண்டுக்கணக்கிற் பயின்று பெறும் கவனம் என்னும் அளவில் அது தாரணைக்கு உறவுடையது. எலியாடே முதலியோர் வகுத்த எல்லைக்கோடு ஈண்டு மங்கிப்போகிறது.

எனினும், இரண்டும் ஒன்றே என முடிவு செய்தற்கு மூன்று தடைகள் உள. முதலாவது, உடல் நடுக்கம். பதஞ்சலியார்க்கு அது சிதறலின் குறி. குங் மக்களுக்கு அஃது ஆற்றல் வந்தமையின் குறி. ஒரே மெய்ப்பாடு ஈரிடத்தும் எதிரான பொருள் தருகிறது. இரண்டாவது, பயன். யோகியின் வழியிலே தோன்றும் சித்திகள் சமாதிக்கு இடையூறு என்று யோகநூல் எச்சரிக்கிறது. குங் மக்கள் அவ்வாற்றலைப் பிறர்க்குச் செலவிடும் பொருட்டே நாடுகின்றனர். மூன்றாவது, பற்றுக்கோடு. யோகி தனக்குரிய பற்றுக்கோட்டைத் தானே தெரிந்து தானே பற்றுகிறான். குரு வழிகாட்டினும் பற்றும் கை அவனுடையது. கலகாரியிலோ, பாடும் பெண்களின் குரல் தளருமானால் ஆடுவோனின் 'நும்' எழுவதில்லை. ஒருவனது கவனம் பலரது தொண்டையிலும் உள்ளங்கையிலும் தங்கியிருக்கிறது.

இம்மூன்றனுள் மூன்றாவதே தலையாயது என்பது எமது கருத்து. யோகத்திலே கவனம் ஈட்டப்படுகிறது. சடங்கிலே கவனம் ஈயப்படுகிறது. தன் கவனத்தைத் தானே திரட்டமாட்டாதவனுக்காக ஊரார் தம் கவனத்தை ஓரிரவு முழுதும் திரட்டித் தருகின்றனர். உடல் அசைந்ததா என்பதிலும் இது பெரிய வேறுபாடு.

முழவின் பங்கு

இங்கே ஓர் இடையீட்டுக் கருத்தையும் ஆராய்தல் தகும். சடங்கின் விளைவெல்லாம் முழவொலியின் விளைவே என்பது அது. 1962இல் அன்ட்ரூ நீகர் என்பவர், முழவின் சீரான அடிகள் மூளையின் மின்னலைகளைத் தம் வயப்படுத்துகின்றன என எழுதினார். அறிவியற் சாயல் உடையதாதலின் இக்கொள்கை விரைந்து பரவிற்று. ரூசே இதனைக் கடுமையாக மறுத்தார். முழவொலி மட்டுமே போதுமெனின், முழவு கேட்கும் ஆபிரிக்க ஊர்களெல்லாம் ஆண்டு முழுதும் ஆவேசத்திலேயே இருத்தல் வேண்டுமன்றோ? குங் மக்களின் பழைய நடனத்தில் முழவே இல்லை என்பதும் கருதத்தக்கது. கைகொட்டும் பாட்டும் சதங்கையுமே உள. மேலும், முழக்குவோர் பெரும்பாலும் ஆவேசமுறுவதில்லை என ரூசே காட்டினார். எல்லோரினும் மிகுதியாக அவ்வொலிக்கு அருகிருப்போர் அவர்களே. நம் ஊர்க் கோயில்களிலும் சாமியாடுவோர் ஆடுவர். உடுக்கையும் பம்பையும் முழக்குவோர் ஆடுவோரின் காலையும் முகத்தையும் பார்த்தபடி விழிப்போடு இருப்பர். அவர் கவனம் தளர்ந்தால் ஆட்டம் குலையும்.

2016இல் வெளிவந்த ஒரு மூளைப்பட ஆய்வு, சாமன் முறையிற் பயின்றோர் சீரான முழவொலியைக் கேட்டு அகநிலை எய்தும்போது, புறவொலியை ஏற்கும் செயற்பாடு தணிந்து, உள்நோக்கிய கவனத்துக்குரிய மூளைப் பகுதிகள் நெருங்கி இணைவதாகக் கூறுகிறது. இது பயனுள்ள செய்தியே. ஆயினும் அவர்கள் பொறியினுள்ளே தனித்துக் கிடந்தவர்கள். அங்கே பாடும் பெண்களில்லை; நோயாளி இல்லை; தீயில்லை. அளந்தறியப்பட்டது சடங்கில் யோகத்தை ஒத்த பகுதி மட்டுமே. அதனைக் கொண்டு இரண்டும் ஒன்றெனல், விடையை வினாவினுள்ளே மறைத்துவைத்து எடுத்தது போலாகும்.

மத்திய, தென் ஆபிரிக்காவின் பாந்து மொழிகள் பலவற்றிலே 'ங்கோமா' என்னும் சொல் முழவையும், பாட்டோடு கூடிய ஆட்டத்தையும், நோய்தீர்க்கும் கூட்டத்தையும் ஒருங்கே குறிப்பதாகும். தமிழிலும் பறை என்பது கருவியையும் சொல்லுதலையும் குறிக்கும். முழவு மூளையைத் தட்டும் கோல் மட்டுமன்று. ஊரைக் கூட்டிப் பேசும் வாயுமாம் என்பதனை இவ்விரு மொழிகளும் அறிந்துள்ளன.

கண்டிச் சடங்கும் கூட்டத்தின் கடனும்

இனி நம் மலைநாட்டுக்குத் திரும்புவோம். கொகொம்ப கங்காரியவின் கதை, விசயன் குவேனியைக் கைவிட்ட பிழையிலிருந்து தொடங்குகிறது. வாக்குப் பிழைத்தமையால் விளைந்த சிறுத்தைத் தோடம், அவனுக்குப் பின் ஆண்ட பாண்டுவாசுதேவனைக் கொடிய கனவாகவும் நோயாகவும் பற்றிற்று. மலரிற் பிறந்த மலய மன்னனொருவன் வந்து சடங்கு நிகழ்த்தி அந்நோயைத் தீர்த்தான் என்பர். இச்சடங்கின் ஆசிரியர்களே 'யக்தெஸ்ஸா' எனப்படுவோர். இன்று உலகறிந்த கண்டி நடனமும், வெள்ளித் தகடுகள் ஒளிரும் 'வெஸ்' முடியும் இச்சடங்கினின்று பிறந்தவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்ககாலத்திலேயே வெஸ் ஆட்டக்காரர் தலதா பெரஹராவிற் சேர்க்கப்பட்டனர். பின்னர் நடனம் மேடைகளுக்கும் பள்ளிகளுக்கும் சென்றது. பொருட்செலவு மிக்க முழுச்சடங்கோ அருகிவிட்டது.

இச்சடங்கில் நெடுநேர நடனத்தினிடையே 'யக்கம்' எனப்படும் சிறு நாடகங்கள் வரும். பன்றி வேட்டையை நடித்துக்காட்டும் 'ஊரா யக்கம' அவற்றுள் ஒன்று. இவை நகைச்சுவை நிரம்பியவை. நோய்தீர் சடங்கிலே நகைக்கு என்ன வேலை என்று வியப்போர்க்கு, இலங்கையின் தென்கரையோரத்துப் பேய்விரட்டும் 'தொவில்' சடங்குகளை ஆராய்ந்து புரூஸ் கப்பெரர் 1983இல் எழுதிய நூல் விடையளிக்கும். அச்சடங்கில் நோயாளிக்கு 'ஆதுரயா' என்று பெயர். நாம் ஆதுரர் என்பதும் இச்சொல்லே. அவர் அச்சத்தினாலே தம் மக்களினின்று பிரிந்து, பேய் காட்டும் உலகிலே தனித்துக் கிடக்கிறார். இசையும் ஆட்டமும் சூழ்ந்திருப்போரை அவ்வுலகின் வாயில்வரை அழைத்துச் செல்கின்றன. பின்னர்ப் பின்னிரவில் பேய்களே மேடையேறி மொழி குளறி, முறை தவறி, நகைப்புக்கிடமாகின்றன. ஊரார் சிரிக்கின்றனர். ஆதுரரும் சிரிப்பாராயின், அவர் மீண்டும் ஊராரோடு ஒரே பொருளைப் பார்க்கிறார் என்பது தெளிவு. மருந்து, பலரது கவனத்தோடு ஒருவரது கவனம் மீண்டும் சேர்தலே.

இதே உண்மையை வேறொரு கோணத்திற் காட்டுவது சாம்பியா நாட்டு நிதெம்பு மக்களின் 'இகாம்பா' என்னும் சடங்கு. விக்ரர் ரேணர் 1950 முதல் 1954 வரை அம்மக்களிடையே ஆய்வு நிகழ்த்தினார். இறந்த வேட்டுவனொருவனது பல் நோயாளியின் உடலினுட் புகுந்து கடிக்கிறது என்பது அவர்தம் நம்பிக்கை. மருத்துவர் கொம்புகளை உடலிற் பொருத்தி அதனை உறிஞ்சி எடுக்க முயல்வார். முழவு முழங்கும், நிற்கும், மீண்டும் முழங்கும். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் ஊரார் ஒவ்வொருவராக முன்வந்து, நோயாளிமேல் தாம் மறைத்து வைத்திருந்த மனக்கசப்பை எல்லோரும் கேட்கச் சொல்லல் வேண்டும். நோயாளியும் தன் கசப்பைச் சொல்வார். எல்லாம் வெளிப்பட்ட பின்னரே பல் வெளிவரும். பல் எவ்வாறு வந்தது என்பதைவிட, ஊரின் கவனம் நோயாளியின் உடலைக் கடந்து ஊரின் பிளவுகள்மேற் சென்றது என்பதே ரேணர்க்கு முதன்மையாயிற்று. இத்தகைய கவனத்துக்கு யோகநூலில் இடமில்லை. மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை என்னும் நாற்பண்புகளைப் பதஞ்சலியார் வகுத்தது உண்மையே. ஆயின் அவை சித்தம் தெளிதற்குரிய வழிகளாகவே கூறப்பட்டன.

சான்றோர் எச்சரிக்கை

சடங்கின் சிறப்பைக் கூறுவதனால் அதனைக் குறையற்றதெனக் கொண்டோம் எனக் கருதற்க. தமிழ்ச் சான்றோர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இதன் குறையைக் கண்டவர். குறிஞ்சித் திணைப் பாடல்களில் வரும் வெறியாட்டை எண்ணிப் பார்க்க. தலைவி மெலிகிறாள். தாய் கட்டுவிச்சியை வினாவுகிறாள், கழங்கு பார்க்கப்படுகிறது, முருகன் அணங்கினான் என்று முடிவாகிறது. வேலன் வருகிறான்; களம் இழைக்கிறான்; மறியை அறுக்கிறான்; ஆடுகிறான். ஊரின் கவனமெல்லாம் அவள்மேற் குவிந்தது. ஆயினும் அவள் நோய் தலைவன்பாற் கொண்ட காதல் என்பதனைத் தோழி ஒருத்தியே அறிவாள். தெய்வமே நேரில் வந்தாலும் இந்நோயை அறியாது வந்தது என நகையாடும் குரலும் அப்பாடல்களிலே கேட்கிறது. அவள் துயர் தீர்வது வேலன் ஆட்டத்தால் அன்று. தோழி அறத்தொடு நின்று உண்மையைச் சொல்வதனாலேயாம்.

பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்திலே குன்றிருந்து அருளும் குறிஞ்சிக்குமரனை வணங்கும் நமக்கு இப்பாடல்கள் அயலானவை அல்ல. கூட்டத்தின் கவனம் பெரிது. ஆனால் அது தவறான பொருள்மேற் குவிதலும் கூடும். நோயை அறியாத கவனம் நோயாளியை இன்னும் தனிமைப்படுத்தும். தோழியின் கவனமோ ஆரவாரமற்றது. ஒருத்தியை அணுக்கமாக அறிந்தது. உண்மையைச் சொல்லத் துணிந்தது. கூட்டத்தின் கவனத்துக்கும் யோகியின் கவனத்துக்கும் இடையே இம்மூன்றாவது கவனத்தையும் வைத்து எண்ணல் வேண்டும். ஒப்பாய்வாளர் எவரும் இதனை எடுத்தாளாமை, அவர்தம் ஆய்வு தமிழை எட்டாமையாற் போலும்.

வேறொரு குறையும் உண்டு. அது சடங்கின் குறையன்று, நம் குறை. பிறர்க்காகக் கண்விழித்து ஆடியும் முழக்கியும் கவனம் ஈந்தோரை நம் சமூகங்கள் உயர்வாக வைக்கவில்லை. கங்காரிய ஆடிய பெரவா குலத்தார் சிங்களச் சமூகத்திலே தாழ்த்தப்பட்டோராயினர். பறை முழக்கியோர் தமிழ்ச் சமூகத்திலே அதனினும் தாழ்த்தப்பட்டனர். தன் மனத்தை ஒடுக்கியவனைத் துறவி என்று வணங்கினோம். பிறர் மனத்தை மீட்டவனை வாயிலுக்கு வெளியே நிறுத்தினோம். யோகமும் சடங்கும் ஒன்றா எனக் கேட்கும் கல்விமான்கள், இவ்விரண்டுக்கும் நாம் அளித்த மதிப்பு ஒன்றா எனவும் கேட்டல் வேண்டும்.

முடிபு

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன வருமாறு. யோகமும் ஆபிரிக்க நோய்தீர் சடங்கும் எதிரெதிரானவை என்பது பொருந்தாது. இரண்டும் பயின்று பெறும் கவனத்தையே அடிப்படையாகக் கொண்டவை. இரண்டும் ஒன்றே என்பதும் பொருந்தாது. ஒன்று தானே ஈட்டுவது, மற்றது பலர் ஈவது. சடங்கு தரும் கவனம் விடியலோடு கலைந்துவிடலாம். அதனை நிலையாகத் தன்னுடையதாக்கும் வழியை யோகமே வகுத்துள்ளது. யோகம் கேட்கும் முயற்சியைச் செய்ய இயலாத நிலையிற் கிடப்பவனுக்குச் சடங்கு கைகொடுக்கிறது.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. இக்காலத்திலே யோகமும் தியானமும் உலகெங்கும் போற்றப்படுகின்றன. உறக்கமிழந்தவனுக்கும், தேர்வச்சத்தால் நடுங்கும் மாணவனுக்கும், இழப்பினால் உடைந்த தாய்க்கும் 'தியானம் செய்க' என்று அறிவுரை கூறல் எளிதாயிற்று. கூறுவோர் நல்லெண்ணமுடையோரே. ஆயினும் உடைந்த மனத்தையுடையவனிடம் மனத்தை ஒருமுகப்படுத்துக எனல், கால் முறிந்தவனை மருத்துவமனைக்கு நடந்து வருக என்பதனை ஒக்கும். அவனால் அது கூடாதபோது, தன் குற்றமே எனக் கருதி அவன் மேலும் ஒடுங்குவான். நோயே முதல் தடை என்று பதஞ்சலியார் எழுதிவைத்ததனை நாம் கருத்தூன்றிப் படித்திருப்போமாயின் இவ்வாறு சொல்லத் தயங்கியிருப்போம்.

அத்தகையோர்க்கு மருத்துவர் வேண்டும். அதனோடு சூழ்ந்திருப்போரும் வேண்டும். கலகாரியிலே கைகொட்டும் பெண்களும், கண்டியிலே இரவெல்லாம் முழக்கும் கலைஞரும், குறிஞ்சியிலே உண்மை சொல்லும் தோழியும் நமக்குக் கற்பிப்பது இதுவே. கங்காரியவின் பந்தரை நாம் ஒவ்வோர் இல்லத்திலும் எழுப்புதல் இயலாது. எழுப்ப வேண்டுவதும் இல்லை. துன்புற்றவனுக்கு அருகே அமர்ந்து, அவன் சொல்வதை இடைமறியாது கேட்டு, அவன் கசப்பினுள் நம் பங்கு யாதெனவும் வினாவி, ஓரிரவேனும் விழித்திருத்தல் இயலும். அவ்வாறு விழித்திருக்க வல்லவனாதற்கு வேண்டும் மனவுறுதியை யோகம் தரும். யோகத்தால் ஈட்டிய கவனம் பிறர்க்கு ஈயப்படும்போது இவ்விரு மரபுகளும் பகையின்றி ஓரிடத்தே சேரும்.